காதுச் சீழ் மண்டை எலும்பில் இறங்கினால் எந்தப் படம் எதைக் காட்டும்?

காது வலியை ஒரு பெரிய நோயாக நம்மில் யாரும் நினைப்பதில்லை. குழந்தைக்கு வந்தால் இரண்டு நாளில் போய்விடும் என்கிறோம். பெரியவர்களுக்கு வந்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுகிறோம், கோழி இறகால் குடைகிறோம், அதுவும் போதவில்லை என்றால் மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிக்கொள்கிறோம். இதனால் பெரும்பாலோருக்கு உயிருக்கு ஒன்றும் ஆகிவிடுவதில்லை (காது கெடுவது வேறு விஷயம்). அதனால்தான் இந்தப் பழக்கம் ஊர்தோறும் நிலைத்துவிட்டது. ஆனால் பல வருடமாகச் சர்க்கரை வியாதி உள்ள, அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் காது வலி வந்து, வாரக்கணக்கில் விடாமல், ராத்திரி தூங்கவிடாமல் குத்தினால், அதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காதுக்குழாயில் பிடித்த சீழ், மண்டையோட்டின் அடி எலும்புக்குள் இறங்கத் தொடங்கியிருக்கலாம்.

இதைக் கண்டறிய இன்று பலவிதமான படங்கள் எடுக்கிறார்கள். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன், காலியம் ஸ்கேன், பெட் ஸ்கேன் என்று பெயர்களைக் கேட்டாலே வீட்டில் உள்ளவர்களுக்குத் தலை சுற்றுகிறது. "ஒரு படம்தான் எடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். பணமும் செலவாகிறது, வயதானவரை ஊர் விட்டு ஊர் அழைத்துப் போகவும் வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் படங்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைக் காட்டுகிறது. அது தெரியாததால்தான் சிலர் பாதி வைத்தியத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சீழ் எலும்புக்குள் எப்படிப் போகிறது?

நம் காதுக்குழாயின் வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. உட்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு கெட்டி எலும்பு. குருத்தெலும்பின் அடிப்பக்கத்தில் இயற்கையாகவே சிறு சிறு வெடிப்புகள் உண்டு. நல்ல உடம்பில் அதனால் தொந்தரவு இல்லை. சர்க்கரை கட்டுப்படாத உடம்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டுப்போயிருக்கும், கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் சோர்ந்திருக்கும். அப்போது ஈரத்தில் வளரும் சூடோமோனாஸ் என்ற கிருமி (பெரும்பாலும் இதுதான் காரணம், சிலருக்குப் பூஞ்சக் காளான்) அந்த வெடிப்புகள் வழியாகப் புகுந்து, பொட்டெலும்பின் அடியில் பரவுகிறது. காதைக் குடைந்த புண், அழுக்கெடுக்கக் குழாய்த் தண்ணீரைப் பீச்சியது போன்றவை இதற்குத் தொடக்கமாக அமைவதுண்டு. சர்க்கரைக்காரர்களின் காதில் தண்ணீர் பீச்சுவதை நான் எங்கு போனாலும் வேண்டாம் என்றே சொல்லி வருகிறேன்.

மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகள் வெளியே வரும் துவாரங்கள் இந்த அடி எலும்பில்தான் இருக்கின்றன. சீழ் அங்கு எட்டினால் முதலில் அடிபடுவது பெரும்பாலும் முக நரம்பு. முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், கண்ணை மூட முடியாது. வாதம் அடித்துவிட்டது என்று எண்ணெய் தேய்க்கப் போய்விடுகிறார்கள். காதைப் பார்ப்பவர் இல்லை. இன்னும் உள்ளே பரவினால் குரல் கம்மும், தண்ணீர் குடித்தால் புரை ஏறும்.

அமெரிக்காவைச் சேர்ந்த சாண்ட்லர் என்ற காது மருத்துவர் 1968-இல் இந்நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். அவர் கண்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. அந்தக் கொடுமையைக் கண்டு அவர் வைத்த பெயரில் 'மேலிக்னன்ட்' என்ற சொல் இருக்கிறது. இன்றும் சில ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அப்படியே எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுப் புற்றுநோய் என்று அழுது புலம்பிய குடும்பங்கள் உண்டு. இது புற்றுநோய் இல்லை, கிருமியால் வரும் நோய். கிருமிக்கு ஏற்ற மருந்தைக் கொடுத்தால் குணமாகக் கூடியது. ஆனால் வைத்தியம் ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேலே போகும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாமே!

காதில் கையை வைத்துக்கொண்டு, மறு கையில் எக்ஸ்ரே உறையோடு வந்தார் ஒரு பெரியவர். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்கம்மா. ஆனா வலி மட்டும் போகமாட்டேங்குது" என்றார். ஒரு மாதமாக இப்படித்தானாம். படம் சரியாக இருந்ததால் மகன்களும் "அப்பாவுக்கு வயசாச்சு, சும்மா புலம்புறாரு" என்று விட்டுவிட்டார்கள்.

கரையான் அரித்த நிலைப்படியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெளியே வர்ணம் பூசியபடி அப்படியே இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் உள்ளே கூடாக இருப்பது தெரியும். எலும்பும் இப்படித்தான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். அந்த அளவு கரையக் குறைந்தது பத்துப் பதினைந்து நாளாவது ஆகிவிடும். அது மட்டுமா? மண்டையின் அடிப்பாகத்தில் பல எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பதால், படத்தில் எல்லாம் ஒரே நிழலாக விழுகிறது. ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895-இல் கண்டுபிடித்த எக்ஸ்ரே, கை கால் முறிவுக்கு இன்றும் முதல் துணை. இந்த நோய்க்கு அதை நம்பி உட்கார முடியாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால், எலும்பு இன்னும் அதிகம் கரையவில்லை என்று மட்டுமே பொருள். கிருமி இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது.

அந்தப் பெரியவரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினோம். சி.டி. எடுத்ததில் காதுக்குழாயின் அடி எலும்பு அரித்திருப்பது தெரிந்தது.

சி.டி. ஸ்கேன்

இதுவும் எக்ஸ்ரே கதிர்தான். ஆனால் சுற்றிச் சுற்றி எடுத்து, கம்ப்யூட்டர் மூலம் வெங்காயத்தை நறுக்கியதுபோல் வில்லை வில்லையாகக் காட்டுகிறது. 1971 அக்டோபரில் லண்டனில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக எடுக்கப்பட்டது. அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-இல் நோபல் பரிசு கிடைத்தது. காது எலும்புக்கு எடுக்கும்போது ஒரு மில்லி மீட்டருக்கும் குறைந்த கனத்தில் வில்லைகளைப் பார்க்கிறார்கள். எந்த மூலையில் எலும்பு அரித்திருக்கிறது என்பதைச் சொல்வதில் சி.டி.யை மிஞ்சியது இல்லை. சில நிமிடத்தில் முடிந்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே எடுக்கலாம். ஆகவே பெரும்பாலும் இதைத்தான் முதலில் எழுதிக் கொடுப்பார்கள்.

இதற்கும் இரண்டு குறை உண்டு. சுண்ணாம்புச் சத்து ஓரளவு, சுமார் மூன்றில் ஒரு பங்கு, கரைந்த பிறகுதான் சி.டி.யிலும் அரிப்புத் தெரியும். எனவே முதல் சில நாட்களில் எடுத்த சி.டி.யும் ஏமாற்றலாம். அடுத்தது, கிருமி செத்த பிறகும் அரித்த எலும்பு மறுபடி வளர வெகு காலம் பிடிக்கும். நோய் குணமான பின்னும் படம் பழையபடியே இருக்கும். ஆகவே குணமாகிவிட்டதா என்று பார்க்க இது அவ்வளவாக உதவாது. "மருந்து இவ்வளவு போட்டும் படத்துல மாறவே இல்லையே" என்று நொந்துகொள்ள வேண்டியதில்லை.

சில சமயம் ஊசி மருந்து ஏற்றி சி.டி. எடுப்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம் என்பதால், அதற்கு முன் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை, முக்கியமாக மெட்ஃபார்மின் சாப்பிடுவதை, அங்கே சொல்லிவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்

சி.டி. எலும்பைக் காட்டுகிறது என்றால், எம்.ஆர்.ஐ. எலும்பைச் சுற்றியுள்ள சதையையும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையையும் காட்டுகிறது. சுவரில் ஓதம் எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதுபோல, சீழும் வீக்கமும் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன, மூளையின் உறையைத் தொட்டுவிட்டதா, நரம்புகள் சிக்கியிருக்கின்றனவா, பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய் அடைத்துவிட்டதா என்பதெல்லாம் இதில் தெரியும். எலும்பு கரையும் முன்பே மஜ்ஜையில் ஏற்படும் மாற்றத்தைக் காட்டிவிடும். முகம் கோணியவர்களுக்கும், குரல் கம்மியவர்களுக்கும் சி.டி.யோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொன்னால் தட்டிக் கழிக்காதீர்கள்.

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. காந்த சக்தியால் எடுக்கிறார்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரம் குழாய் போன்ற கூண்டுக்குள் அசையாமல் படுக்க வேண்டும். டமடமவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம், காதுக்குப் பஞ்சோ மூடியோ தருவார்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர், தலையில் ஆபரேஷன் செய்து வைத்த கிளிப், பட்டறையில் வேலை செய்தபோது கண்ணில் தெறித்த இரும்புத் தூள் எதுவாக இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கொண்டை ஊசி, மெட்டி, வளையல், தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஸ்கேன் எடுக்காமலே திரும்பி வந்த தாய்மார்கள் உண்டு. மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம், தடையில்லை. இதைப் போகும் முன்பே வீட்டில் தயார் செய்துகொள்வது நல்லது.

எம்.ஆர்.ஐ.க்கும் ஒரு குறை. மஜ்ஜையின் மாற்றம், நோய் தணிந்த பிறகும் பல மாதம் படத்தில் தங்கியிருக்கும். சதை வீக்கம் குறைவதை வைத்து ஓரளவு சொல்வார்கள். முழுக்கக் குணமா என்பதை இதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்கள்

மேலே சொன்னவை எல்லாம் உறுப்பின் உருவத்தைக் காட்டுபவை. இனிச் சொல்பவை, எலும்பில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் காட்டுபவை. கதிரியக்க மருந்தை மிகச் சிறிய அளவில் நரம்பு வழியே செலுத்தி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று காமிராவால் பார்க்கிறார்கள்.

டெக்னீஷியம் என்ற பொருளைக் கொண்டு எடுப்பது எலும்பு ஸ்கேன். எலும்பு கெட்டுப்போகும் இடத்தில், உடம்பு உடனே அதைப் பூசி அடைக்க முயலும். அப்படிப் பூச்சு வேலை நடக்கும் இடத்தில் இந்த மருந்து போய்ப் படியும். ஊசி போட்டு சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். சி.டி.யில் ஒன்றும் தெரியாத ஆரம்ப நாட்களிலேயே இது நோயைக் காட்டிக் கொடுத்துவிடும். இதன் பெருமை அதுதான். சிறுமையும் அதிலேயே இருக்கிறது. அடிபட்டாலும், ஆபரேஷன் செய்திருந்தாலும், கட்டி வளர்ந்தாலும் அங்கேயும் பூச்சு வேலை நடக்கும் அல்லவா? அங்கெல்லாம் இது ஒளிரும். கரையானை ஒழித்த பிறகும் தச்சர் மாதக்கணக்கில் நிலைப்படியைச் செப்பனிட்டுக்கொண்டிருப்பதுபோல, சீழ் ஆறிய பின்னும் இந்த ஸ்கேன் நோய் இருப்பதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும்.

காலியம் ஸ்கேன் வேறு மாதிரி. காலியம்-67 என்ற பொருள், வெள்ளணுக்கள் கூடிக் கிருமியோடு போராடும் இடத்தை நாடிப் போகிறது. போராட்டம் ஓய்ந்தால் ஒளியும் குறைந்துவிடும். அதனால் நோயாளி குணமடைகிறாரா என்று கண்காணிக்க, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை இதை எடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஆனால் படம் மங்கலாக இருக்கும். எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்லாது. ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று நாள் காத்திருந்து எடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. ஒளி குறைந்து, மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பியவர்களும் இருக்கிறார்கள் என்பதால், மருத்துவர்கள் இதை மட்டும் நம்புவதில்லை.

இப்போது பல பெரிய ஆஸ்பத்திரிகளில் இதன் இடத்துக்கு வந்திருப்பது பெட்-சி.டி. கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை ஊசியாகப் போடுவார்கள். சுறுசுறுப்பாக வேலை செய்யும் அணுக்கள் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும். நோய் உள்ள இடம் ஒளிரும், கூடவே சி.டி. படமும் இருப்பதால் இடமும் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷக் கவனம் தேவை. இரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிகுந்திருந்தால் ஊசியில் போட்டது சரியாகச் சேராது, படம் கெட்டுவிடும். பொதுவாக 200 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஆறு மணி நேரமாவது பட்டினி இருக்க வேண்டும். இன்சுலின் எப்போது போடுவது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக வேளையைத் தள்ளிப்போடக் கூடாது. மூளையும் சர்க்கரையை நிறைய இழுக்கும் உறுப்பு என்பதால், அதன் பக்கத்தில் உள்ள சிறு நோயை அந்த வெளிச்சம் மறைத்துவிடவும் கூடும். செலவும் அதிகம். எல்லோருக்கும் இது வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நல்ல காது மருத்துவர், ஒரு சி.டி., தேவைப்பட்டால் ஒரு எம்.ஆர்.ஐ., இவற்றோடு பலருக்கு வைத்தியத்தைத் தொடங்கிவிட முடியும். மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வி எழும்போதுதான் பெட் ஸ்கேனின் உதவி பெரிது.

படம் சொல்லாதது

எந்த ஸ்கேனும் கிருமியின் பெயரைச் சொல்லாது. அதற்குக் காதிலிருந்து சீழையோ சிறு சதைத் துண்டையோ எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். இந்த இடத்தில் வரும் புற்றுநோயும் சில சமயம் படத்தில் இதே மாதிரி தோன்றும். ஆகவே சதைப் பரிசோதனைக்குப் பயந்து ஒதுங்கக் கூடாது. இதற்கு முன்னால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நாலு நாள் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை போட்டிருந்தால் கிருமி பரிசோதனையில் பிடிபடாமல் போகும், நோயும் போகாது. 1980-களின் இறுதியில் அந்த மருந்து வந்தபோது இந்நோயாளிகளுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. கண்டபடி சாப்பிட்டதால் இன்று பல கிருமிகள் அதற்கு மசிவதில்லை.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை வலி, காதின் நிலை, இ.எஸ்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். வலி பெரும்பாலும் முன்னாலேயே குறைந்துவிடும். அதோடு மருந்தை விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து முகம் கோணி வந்து சேருபவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

பிள்ளைகளுக்கும் வரும்

மண்டையோட்டு எலும்பில் சீழ் காதிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சளி முற்றி, நெற்றி எலும்பின் அறைக்குள் சீழ் கட்டி, நெற்றியில் மெத்தென்று ஒரு வீக்கம் வரலாம். லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் 1760-லேயே இவ்வகை வீக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். தலைவலி, காய்ச்சல், வாந்தியோடு நெற்றி வீங்கினால் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது, அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும். இங்கே ஊசி மருந்து ஏற்றிய சி.டி. உடனே தேவைப்படும். சீழ் மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவாகக் காட்டும். காலியத்துக்கும் மற்றதற்கும் காத்திருக்க நேரமில்லை.

2021-இல் கொரோனாவுக்குப் பின் வந்த கறுப்புப் பூஞ்சை நோயையும் மறந்திருக்க மாட்டீர்கள். மேல் தாடை, கண்குழி எலும்புகளை அது நாள்கணக்கில் தின்றது. அதற்கும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்தான் கை கொடுத்தன. அங்கேயும் பெரும்பாலோருக்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தது.

ஸ்கேனுக்குப் போகும்போது

பழைய படங்கள், சி.டி. தகடு, அறிக்கைகள், சர்க்கரைப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். புதிய படத்தைப் பழையதோடு ஒப்பிட்டால்தான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். உறையை விட்டுப் படத்தை மட்டும் சுருட்டி வைக்காதீர்கள், தேதி உறையில்தான் பல நேரம் இருக்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போய், எந்த ஸ்கேனுக்குச் செல்லும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கதிரியக்க ஊசி போட்ட ஸ்கேன் என்றால் வீட்டிலும் சிறிது கவனம் வேண்டும். டெக்னீஷியத்தின் சக்தி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். பெட் ஸ்கேன் மருந்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. காலியத்துக்கு மூன்று நாளுக்கு மேல். மருத்துவர் தடை சொல்லாவிட்டால் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் மருந்து சீக்கிரம் வெளியேறும். ஸ்கேன் முடிந்து பாட்டி வீட்டுக்கு வந்ததும் பேரக் குழந்தை ஓடி வந்து மடியில் ஏறும். அன்று ஒரு பொழுதுக்குக் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சற்றுத் தள்ளியே இருக்கச் சொல்லுங்கள். காலியம் என்றால் எத்தனை நாள் என்று ஸ்கேன் எடுத்த இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் பெண்ணுக்கு இந்த ஊசி போட நேர்ந்தால், ஊசி போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.